மண்டையோடு கேட்ட டூயட்

ஜெயசீலனின் கறுப்பு டி-சர்ட்டில் கிடார் வாசிக்கும் மண்டையோடு ஒன்று இருந்தது. அதற்கு வாய் கொஞ்சம் நீளம். பஸ்ஸில் போகும்போதெல்லாம், அவன் காதில் மாட்டியிருக்கும் இயர்போனிடம் ஆரம்பித்துவிடும்.

"ராக்குன்னா டிரம்ஸ் இடி மாதிரி விழணும். மத்ததெல்லாம் கல்யாண மண்டபப் பாட்டு. நம்ம ஆளு அதைத் தொடவே மாட்டான்."

இயர்போன் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மண்டையோட்டின் நெற்றியில் சொட்டென்று ஏதோ விழுந்தது. அண்ணாந்து பார்த்தால், ஜெயசீலன் அழுகிறான்.

"என்னடா, அப்படி என்ன கிடார் சோலோ?" என்று இயர்போனைக் கேட்டது.

"சோலோ இல்லண்ணே, டூயட். கல்யாண மண்டபத்துல போடுவாங்களே, அதுதான். தினமும் கேப்பான்."

அதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் டி-சர்ட்டைப் பார்த்துவிட்டு, "என்ன பாட்டு தம்பி?" என்றார்.

"மெட்டல் ராக்குண்ணே," என்றான் ஜெயசீலன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மண்டையோட்டுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அதன் முதுகுக்குப் பின்னால் அவன் நெஞ்சு அடித்துக்கொண்ட மாதிரி எந்த டிரம்ஸுக்கும் அடித்ததில்லை. அது பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்துப் பல்லை நறநறவென்று கடித்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு இயர்போனிடம் மெதுவாகச் சொன்னது:

"டேய், ஒரு பக்கம் காதுல இருந்து நழுவி என் மேல விழுடா. நானும் கேக்கணும்."