பாட்டிலுக்குள் வாழைப்பழம்

பம்பாய் டூர் முடிந்து புனே கட்கி குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்த ஜம்புநாதன் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"குட்டி எப்படி இருக்கு?"

"நீங்களே பாருங்கோ," என்றாள் பாமா, அவரைக்காய்க்கு நார் உரிப்பதை நிறுத்தாமல்.

லோணாவ்ளா மலையிலிருந்து அவன் ஆசையாகக் கொண்டுவந்த டரான்டுலா சிலந்திக் குட்டி அது. சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும். டூருக்கு முன் அவன் பிடித்துப் போட்ட கரப்பானைக் கண்டு மிரண்டு, பாட்டிலின் அடியில் ஒடுங்கிக்கொண்டது. கிளம்பும்போது, "சின்னக் கரப்பானா நசுக்கிப் போடு" என்று மனைவியிடம் கெஞ்சியிருந்தான். "என் கையால ஒரு உயிரைக் கொல்ல மாட்டேன்" என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"கரப்பான் போட்டியா?"

"இல்லை."

"பின்னே?"

"வாழைப்பழம்."

ஜம்புவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"சிலந்தி எங்கேயாவது பழம் திங்குமாடி? உன் ஆசாரத்துக்காக அதைப் பட்டினி போட்டே கொன்னுட்டியே."

பாமா அடுத்த அவரைக்காயை எடுத்தாள்.

ஜன்னலில் இருந்த பாட்டிலை எடுத்தான். அடியில் கறுத்து அழுகிய பழத்துண்டு. அதைச் சுற்றிக் கடுகு போலப் பொடி ஈக்கள். பக்கத்தில் குட்டி, வயிறு பட்டாணியாக உப்பி, வாயில் ஓர் ஈயைக் கவ்விக்கொண்டிருந்தது.

"பழம் சிலந்திக்குன்னு யார் சொன்னா?" என்றாள் பாமா. "ஈக்குப் போட்டேன். நீங்க மூடியில போட்ட ஓட்டை வழியா அதுகளா உள்ளே போறது. கொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். பட்டினி போடுவேன்னு சொன்னேனா?"