நேர்ந்துவிட்ட கிடா

கொடுவாளைச் சாக்கில் சுற்றி வண்டியின் முன்பக்கம் செருகினான் கோதண்டபாணி. அதைப் பார்த்ததுமே நிர்மலா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏறு" என்றான் மனைவியிடம்.

"எங்கங்க?"

"ஏறுன்றேன் இல்ல?"

அவளுடைய போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. கால் மணி நேரத்துக்கு முன்னால், அவனுடைய அண்ணன் தணிகைமணி கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. கோதண்டபாணி எட்டி எடுத்துப் பார்த்தான். முகம் இறுகியது. சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டான்.

என்ன படம் என்று அவளுக்குத் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு, காப்பகத்திலிருந்து சோட்டுவின் படம் வரும் நாள்.

போன வருஷம் மகள் மோனிஷா டெங்குவில் படுத்தபோது, பெரியப்பா தணிகைமணிதான் கங்கையம்மனுக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டார். ஊர்த் திருவிழாவான ஜாத்திரையை முன்னின்று நடத்துகிறவர் அவர். வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நேர்ந்துவிட்ட குட்டியின் தாய் செத்துப்போக, நிர்மலாதான் பால்புட்டி வைத்து வளர்த்தாள். சோட்டு என்று பேர் வைத்தது மோனிஷா. அது நிர்மலாவின் முந்தானையைக் கடித்துக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றியது.

ஜாத்திரைக்கு நான்கு நாள் இருக்கும்போது அவளால் தாங்க முடியவில்லை. கறிக்குப் போகும் ஆடுகளை மீட்டு வளர்க்கிற காப்பகம் ஒன்று திருத்தணிப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போன் செய்தாள். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வேன் வந்து சோட்டுவை ஏற்றிக்கொண்டு போனது. கிடா திருடு போய்விட்டது என்று சொல்லிவிட்டாள். அதன் தீனிச் செலவைத் தானே ஏற்பதாகப் பேர் கொடுத்து, மாதாமாதம் பால் விற்ற காசிலிருந்து அனுப்பியும் வந்தாள்.

தணிகைமணி குதித்தார். "எவன் ஓட்டிகினு போனான்னு தெரியட்டும், கைய ஒடிச்சிடறேன். கெடா என்னிக்குக் கெடைக்குதோ அன்னிக்கே வெட்டு."

கோதண்டபாணி ஆர்.கே.பேட்டை சந்தை, பொதட்டூர்பேட்டை கறிக்கடை என்று இரண்டு நாள் அலைந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து கைகால் கழுவியவன், அதோடு ஆட்டைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான். அந்த மௌனம்தான் இத்தனை மாதமாக அவளை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது.

வண்டி திருத்தணி ரோட்டில் பறந்தது. தூரத்தில் மலைக்கோயில் தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிடக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. சாமிக்கு நேர்ந்ததை ஒளித்துவைத்தவள், எந்தச் சாமியைக் கூப்பிடுவது?

"ஏங்க, எதுனா பேசுங்க. எனக்கு பயமா கீது."

அவன் வண்டியை இன்னும் முறுக்கினான்.

பலகைகூட இல்லாத ஒரு மண்பாதையில், யாரையும் கேட்காமல் வண்டியைத் திருப்பினான். படத்தோடு வழியும் அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பாதை முடிந்த இடத்தில் கம்பி வேலி. உள்ளே ஐம்பது அறுபது ஆடுகள். லாரியில் அடைபட்டு வந்ததில் கால் போன ஒன்று மூன்று காலில் நொண்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், கருகருவென்று, கொம்பு முளைத்து நின்றது சோட்டு.

கோதண்டபாணி வண்டியை நிறுத்திச் சாக்கைப் பிரித்தான். வெயிலில் கொடுவாள் மின்னியது. கேட்டைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தான்.

நிர்மலா ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. அவனை முந்திப் போய் சோட்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தாங்க இங்க அனுப்பி வுட்டேன். திருடன் யாரும் வரல, நாந்தான். வெட்டணும்னா என்னை வெட்டுங்க. இது வாயில்லாத ஜீவன்ங்க!"

அவன் கொடுவாளோடு அப்படியே நின்றான். சோட்டு அவள் பிடிக்குள் திமிறியது. கட்டியிருந்த கை வழுக்க, அது துள்ளி விடுபட்டு நேராக அவனிடமே ஓடியது.

நிர்மலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கொடுவாள் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அதற்குப் பதில், தண்ணீர் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. காப்பகத்து ஆள் பங்காருவின் குரல், போனில் அவள் கேட்டுப் பழகிய அதே குரல்.

"இன்னாண்ணா, ரெண்டு ஞாயித்துக்கெழமையா ஆளையே காணோம்? நீ வெட்டிப் போடற தழைய வுட்டா இவன் வேற எதுலயும் ஒழுங்கா வாய வெக்க மாட்டன்றான்."

நிர்மலா கண்ணைத் திறந்தாள்.

கோதண்டபாணி வேலியோரத்து ஆலமரத்தின் தாழ்ந்த கிளையை வெட்டிக்கொண்டிருந்தான். சோட்டு அவன் வேட்டி நுனியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தழையை அதன் முன்னால் போட்டுவிட்டு வந்தவன், பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"அண்ணன் இருக்கிறப்ப போன வெளிய வெக்காத. கேட்டா, மலைக்குப் போயி சாமி கும்புட்டு வந்தோம்னு சொல்லிடு."