மூலத்தில் இல்லாத வரி

அவன் அவளுடைய கதையைப் படித்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுதியது என்று அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கறிச்சோறு தின்றுவிட்டுத் தெருவே உறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரை உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது. அவள் கட்டிலில் ஒருக்களித்துக் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை. முன்னறையில் அருள்வேல் மௌஸை உருட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடுவில் சத்தம் நின்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு நாவல்களை எழுதிவிட்டு ஒரு எழுத்தாளர் போய்ச் சேர்ந்துவிட்டார். வாசகர்கள் விடுவதாக இல்லை. அவர் உண்டாக்கிய செங்கரடு என்ற ஊரையும், அங்கே வாழ்ந்த சொர்ணத்தையும், அவள் புருஷன் மாசிலாமணியையும் வைத்து ஆளாளுக்குக் கதை எழுதினார்கள். அதில் மூலத்துக்கு மாறாதவற்றை மட்டும் பொறுக்கி இணையத்தில் ஏற்றுவது அருள்வேலின் வேலை. யாரும் கொடுத்ததில்லை. அவனாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

வாசகர்கள் அவனுக்கு வைத்த பெயர் செக்போஸ்ட்.

ஆறு நாவலிலும் செங்கரட்டில் மழை பெய்ததில்லை. ஆகவே யாராவது லேசாகத் தூறல் போட்டாலும் கதை திரும்பிப் போகும். செத்தவர்கள் எழக்கூடாது. சொர்ணம் காபி குடிக்கக்கூடாது. மூலத்தில் முயலுக்கு மூன்று கால் என்றிருந்தால் அவனுக்கும் மூன்றுதான்.

இப்படிப்பட்டவனை அவள் விரும்பித்தான் கட்டிக்கொண்டாள். அந்த நாவல்களைப் பேசிப் பேசியே நெருங்கினார்கள். ஒரு புத்தகத்தை இத்தனை நுணுக்கமாகப் படிப்பவன் தன்னையும் படிப்பான் என்று நம்பினாள்.

படிக்கவில்லை. அதுதான் அவள் துக்கம்.

சொர்ணத்துக்குக் காபி ஆகாது என்பது அவனுக்குப் பக்க எண்ணோடு தெரியும். கத்தரிக்காய் தின்றால் இவளுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகும் என்பது மட்டும் ஞாபகத்தில் நின்றதில்லை. இன்று காலையும் வாங்கி வந்திருந்தான். பிஞ்சாக, பார்த்துப் பொறுக்கி.

அவள் கோபப்படவில்லை. கழுவி வைத்தாள்.

சொர்ணம் ஆறு நாவலிலும் வீட்டைவிட்டுப் போனதில்லை. அவளைப் போகவைத்து வந்த கதைகளையெல்லாம் அவன் தள்ளியிருந்தான். அதனால் இவள் வேறொரு பெயரில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து எழுதினாள். சொர்ணத்துக்குத் தனியாக பஸ் ஏறத் தெரியும், இரண்டாம் நாவல். கூப்பிட்டால் வந்து நிற்க ஒரு அக்கா உண்டு, நான்காம் நாவல். சொல்லிக்கொள்ளாமல் போகிறவள் இல்லை, எல்லா நாவலும்.

எழுத எழுத வீடு கரைந்துபோனது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள், செங்கரடு என்று பலகை போட்ட வண்டியைக் கொஞ்ச நேரம் தேடினாள். சொர்ணத்தின் சேலைகளை மடிக்கிறோம் என்று மடித்துக்கொண்டே இருந்தாள். முடித்துவிட்டுப் பார்த்தால் பெட்டியில் இருந்தவை அவளுடைய சேலைகள்.

சரி, இருக்கட்டும் என்று மூடிவைத்தாள்.

கதையில் பேசுவது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால் போதும். பெட்டியைப் பிரித்துவிடலாம். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

மௌஸ் நின்றது.

"தூங்கிட்டியா?" நாற்காலியில் இருந்தபடியே கூப்பிட்டான். "கௌதமின்னு யாரோ புதுசு. சொர்ணத்தைக் கெளப்பிவிட்டுட்டா. ஒரு எடத்துலயும் புடிக்க முடியல, எல்லாமே மூலத்துல இருக்கு. அவ போகத்தான் செய்வா. எனக்கு எப்படி இத்தன வருஷம் இது தோணாமப் போச்சு?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

அவன் குரல் நனைந்திருந்தது. அந்தக் குரலை அவள் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. இதோ வந்துவிட்டான், இன்னும் ஒரு எட்டுதான் என்று நினைத்தாள்.

"ஒரே ஒரு வரிதான் இடிக்குது," என்றான். "அவ போறப்ப மாசிலாமணி எந்திரிச்சு வாசல் வரைக்கும் வர்றானாம். அவன் வர்ற ஆளா? வெட்டிட்டேன்."

அந்த வரிக்கு மட்டும் அவளிடம் ஆதாரம் இல்லை. எந்த நாவலிலிருந்தும் எடுத்ததில்லை. ஆசைப்பட்டு எழுதியது.

அவன் சொன்னது சரிதான்.

அவள் முகம் கழுவினாள். பொட்டு வைத்துக்கொண்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கதை ஏறியிருந்தது. அவன் அதற்குக் கீழே பாராட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

"நான் கெளம்பறேன்," என்றாள்.

"ம்," என்றான் திரையைப் பார்த்தபடி. "இந்தப் பொண்ண ஒருநாள் நேர்ல பாத்துப் பேசணும்."

வெளிக்கதவைத் திறந்தாள். வெயில் வாசலில் நிறைந்து கிடந்தது.

செருப்பை மாட்டிக்கொள்ள அவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.