எத்திராஜின் கேசட்

துபாயிலிருந்து எத்திராஜ் தன் பெண்டாட்டி பாஞ்சாலிக்கு டேப் ரெக்கார்டரும் தான் பேசிப் பதிந்த கேசட்டும் அனுப்பியிருந்தான். அவை வந்ததும் தெருவே அவள் வீட்டில் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு சாரதாவுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. எழுத்துத் தெரியாத பாஞ்சாலிக்கு இதுவரை அவன் கடுதாசிகளைப் படித்துக் காட்டியவள் அவள்தான். அடுத்த வீட்டுச் சங்கதி இனி காதில் விழாதே என்ற ஏக்கம், வேறென்ன!

“இனிமே அவரே பேசுவாரு. நீ வாய் வலிக்கப் படிக்க வாணாம்க்கா” என்று பாஞ்சாலி பொத்தானை அழுத்தினாள்.

“எருமைக்குத் தவுடு வாங்கு. ஏரிக்கரை நெலத்துக்கு எரு அடி. அம்மாவைப் பாத்துக்கோ.”

மீதி கேசட் முழுக்கக் கரகரப்புதான்.

“இன்னாக்கா, ஒரு தபாகூட ‘என் தங்கமே’ன்னு சொல்லலியே? கடுதாசில வரிக்கு வரி வருமே!”

சாரதா உத்திரத்தைப் பார்த்தாள். கூட்டம் சாரதாவைப் பார்த்தது.

பாஞ்சாலி கேசட்டை உருவி அவள் மடியில் வைத்தாள்.

“இந்த மிஷினுக்கு ஒயுங்கா படிக்கத் தெரியல. நீயே கேட்டுட்டு, எப்பவும் போல எனக்குப் படிச்சுக் காட்டுக்கா.”