எட்டாம் அட்டை

உயிர்வேதியியல் பேராசிரியர் எட்வின் தனராஜ் சபைக் கூட்டங்களில் பேசப் போனால் பன்னிரண்டு பேரை மேடைக்குக் கூப்பிடுவார். காயத்தில் ரத்தம் உறைவதற்குப் பன்னிரண்டு பொருள்கள் கைகோக்கின்றன என்று சொல்லி, அந்தப் பொருள்களின் எண்கள் எழுதிய அட்டைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து வரிசையாக நிறுத்துவார். பிறகு ஒருவரை வெளியே இழுப்பார். உடனே மற்ற பதினொரு பேரும் பொத்தென்று தரையில் உட்கார வேண்டும்.

"ஒண்ணு இல்லன்னா ஒண்ணுமே இல்ல. இதப் போயி ஆண்டவர் படைக்காம தானா அமைஞ்சதும்பீங்களா?" என்பார். கைதட்டல் எழும்.

எந்த ஊரிலும் அவர் எட்டாம் எண்ணை இழுத்ததில்லை.

இன்று அட்டைகளைக் கொடுத்துக்கொண்டே வந்தபோது, எட்டாம் எண் அட்டையை வாங்க அவர் மனைவி சுகிர்தா நின்றிருந்தாள். முட்டுவலியோடு படுத்திருக்கும் மகனுடன் வீட்டில் இருக்க வேண்டியவள். எட்வின் மைக்கைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தார். மூன்றாம் எண்ணை இழுத்துவிடலாம் என்று அந்தப் பக்கம் அவசரமாக நகர்ந்தார்.

அதற்குள் அவளே வரிசையை விட்டு வந்து அட்டையை அவர் கையில் வைத்தாள்.

"நம்ம பயலுக்கு ரத்தத்துல இதுதானங்க இல்ல," என்றாள். மைக் அதை அரங்கம் முழுக்கச் சொன்னது. "முட்டுக்குள்ள மறுபடியும் ரத்தம் கசிஞ்சி வீங்கிருக்கு. நான் போயி ஐஸ் வைக்கேன். நீங்க பேசி முடிச்சிட்டு வாங்க."

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பதினொரு பேரும் நின்றபடியே அவரைப் பார்த்தார்கள். கடைசியில் நின்றவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"சார், நாங்க இப்ப உக்காரணுமா?"