வெள்ளிக்கிழமை மறியல்

“என்னைக்குக்கா அடுத்த மறியல்?”

புஷ்பமேரி இதைக் கேட்பது முதல் தடவை அல்ல. கைருன்னிசாவுக்குச் சுருக்கென்றது.

“எதுக்குக் கேக்கறே?”

“சும்மாதான்க்கா. தெரிஞ்சுக்கலாமேன்னு.”

சொல்லும்போதே புஷ்பமேரியின் பார்வை யார்டு கேட்டுப் பக்கம் போய்த் திரும்பியது. கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையை அவசரமாக மாராப்புக்குள் செருகிக்கொண்டாள்.

“இன்னும் முடிவாகல. நீ போ” என்று அனுப்பிவைத்தாள் கைருன்னிசா.

கொல்லங்கோட்டு மாம்பழம் வெளிநாடு போகட்டும் என்று ஊர்க்காரர்களே பங்குப் பணம் போட்டு, நிலம் கொடுத்து உண்டாக்கிய கண்டெய்னர் யார்டு அது. கடலே இல்லாத ஊரில் துறைமுகம் என்று எல்லாருக்கும் பெருமை. இங்கே பெட்டியில் ஏற்றிச் சீல் வைத்துவிட்டால் அப்புறம் நேரே கப்பல்தான்.

நடத்த முடியாமல் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். இப்போது மாம்பழம் போன வழியில் பீரங்கிக் குண்டு போகிறது. கடல் தாண்டி எங்கேயோ நடக்கிற சண்டைக்கு.

விஷயம் வெளியே வந்த அன்றே, பாத்திரக்கடை கைருன்னிசா கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டாள்.

“நம்ம ஊரு வழியா போற குண்டு யாரோ ஒருத்தர் ஊட்டு மேல உழும். அந்த ஊட்டுக்குள்ள அடுப்பு எரிஞ்சிட்டிருக்கும், தொட்டில் ஆடிட்டிருக்கும். நாம மாம்பழத்தை எண்ணிட்டு உக்காந்திருக்கறதா?”

மாந்தோப்புக்காரர் ராஜசேகர் சமர சமிதி என்ற போராட்டக் குழுவுக்குச் செயலாளரானார்.

ஆனால் இரண்டு முறை மறியல் அறிவித்தும் இரண்டு முறையும் ஏமாற்றம்தான். பந்தலுக்கு ஆள் சேருவதற்குள் போலீஸ் வந்து நின்றது. லாரிகள் முன்கூட்டியே போயிருந்தன.

“யாரோ உள்ள சொல்லிடறாங்கக்கா” என்றார் ராஜசேகர்.

“யாரோ என்னங்க யாரோ? மூணாறு எஸ்டேட்டுல இருந்து வந்து கேண்டீன்ல சமைக்கறாளே, அந்தப் புஷ்பமேரிதான். மேனேஜர் ஜீப்புல காய்கறி மூட்டையோட வந்து எறங்கறா. லோடுமேன்களைத் தனியா கூப்பிட்டு வெச்சுக் குசுகுசுங்கறா. நான் பக்கத்துல போனா வாயை மூடிக்கறா.”

“நம்ம வாட்ஸ்அப் குரூப்புலயே முந்நூறு பேரு இருக்கறாங்க. அதுலருந்து கூடப் போயிருக்கலாமுங்க…”

“சே! நம்ம ஆளுங்க சொல்லுவாங்களா?”

கைருன்னிசாவே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். புஷ்பமேரியிடம் மட்டும் ஒரு பொய்த் தேதியைச் சொல்வது. மற்ற யாருக்கும் மூச்சு விடக் கூடாது. அன்றைக்குப் பந்தலில் ஒருத்தரும் இருக்கக் கூடாது. அப்படியும் போலீஸ் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவளைத் தானே கூப்பிட்டாள்.

“வெள்ளிக்கிழமை காலையில. லாரி வெளிய வர்றப்ப மறிக்கறோம். ஊரே வரும். மேனேஜர் காதுக்குப் போயிறக் கூடாது, ஆமா.”

புஷ்பமேரியின் முகம் மலர்ந்தது. “கட்டாயம் வந்துருவீகள்லக்கா?”

“வராம?”

அவள் ஏறக்குறைய ஓடினாள். துப்புக் கிடைத்த சந்தோஷத்தைப் பார் என்று கைருன்னிசா பல்லைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. கைருன்னிசாவும் ராஜசேகரும் பாத்திரக்கடையில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

போலீஸ் ஜீப் ஒன்று யார்டுப் பக்கம் பறந்தது.

“பாத்தீங்களா! நான் சொன்னப்ப நம்பினீங்களா?” கைருன்னிசா துள்ளி எழுந்தாள்.

பின்னாலேயே ஒரு வேன். உள்ளே பெண் போலீஸ்.

ராஜசேகரின் முகம் மாறியது. “பொம்பளைப் போலீஸ் எதுக்குங்கக்கா? அங்கதான் நம்ம ஆளுங்க யாருமே இல்லியே?”

ஆட்டோ பிடித்து ஓடினார்கள்.

பந்தல் காலியாகத்தான் கிடந்தது. கேட்டுக்கு நடுவில் கண்டெய்னர் லாரி ஒன்று எஞ்சின் அணைந்து நின்றது. அதன் முன்னால் தரையில் பெண்கள் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தலையிலும் கேண்டீன் தொப்பி. பக்கத்தில் லோடுமேன்கள், ஒருவருக்குச் சட்டை கிழிந்திருந்தது. போலீஸ் ஒவ்வொருவராகப் பிய்த்து எடுத்து வேனில் ஏற்றிக்கொண்டிருந்தது.

கேட் வாட்ச்மேன் காளிச்சாமி கைருன்னிசாவைப் பார்த்ததும் பொங்கிவிட்டார்.

“எங்கீங்க போனீங்க எல்லாரும்? ‘வெளிய ஊரே நிக்கும், உள்ளருந்து நாமளும் போயி உக்காருவோம், லாரி எப்படிப் போகும்னு பாப்போம்’னு இந்தப் புஷ்பமேரிப் புள்ள ஒவ்வொருத்தர் கால்லயும் உழாத கொறையாச் சொல்லிச் சொல்லி, மேனேஜருக்குத் தெரியாம அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்துச்சுங்க. வந்து பாத்தா பந்தல்ல ஈ காக்கா இல்ல. அப்பவும் எந்திரிக்க மாட்டேன்னுட்டாங்க. இப்ப எல்லாருக்கும் வேலை போச்சு.”

கைருன்னிசா வேன் பக்கம் இரண்டடி வைத்து நின்றுவிட்டாள். ராஜசேகர் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியாகப் புஷ்பமேரியை ஏற்றினார்கள். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. வேன் நகரும்போது, ஜன்னல் கம்பி வலை வழியாக அவள் கைருன்னிசாவைப் பார்த்துவிட்டாள். வலையைப் பிடித்துக்கொண்டு பதறிப்போய்க் கத்தினாள்.

“உங்களையும் வழியிலயே தடுத்துட்டாகளாக்கா? அடி கிடி ஒண்ணும் படலியே?”