டிவி முயலின் முட்டை

ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். வருஷா வருஷம் போடுகிற அதே கார்ட்டூன்தான். ஒரு முயல் கூடை நிறைய வண்ண முட்டைகளைச் சுமந்துபோய் வீடு வீடாகக் கொடுக்கும்.

ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த கோழிக்குத் தலை சுற்றியது. நேராகத் தோட்டத்து முயல் கூண்டுக்கு ஓடியது.

“ஏன்டா, நீ எப்படா முட்டை போட்டே?”

“நானா? நான் எங்க போட்டேன்க்கா?”

“டிவியில காட்டுறாங்களே! கூடை நிறைய முட்டை. கோழி ஒண்ணைக்கூடக் காணோம்.”

முயல் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தது. “டிவியிலேயே காட்டுறாங்கன்னா... தூக்கத்துல போட்டிருப்பேனோ?”

இருக்கும் என்றுதான் கோழிக்கும் பட்டது. பொய்யாக இருந்தால் வருஷா வருஷம் போடுவார்களா?

மறுநாள் காலை வைக்கோலில் முட்டையிட்டு எழுந்த கோழி, கொக்கரிக்க வாயைத் திறந்து சட்டென்று மூடிக்கொண்டது. மெதுவாகக் கூண்டுப் பக்கம் வந்தது.

“முயலண்ணே, நீங்க போட்ட முட்டை என் இடத்துல கிடக்குது. சாயம் பூச மறந்துட்டீங்கபோல.”

“பரவாயில்லம்மா, அங்கேயே இருக்கட்டும்” என்றது முயல், பெரிய மனசோடு.

கோழி நகரவில்லை. “ஒரு சந்தேகம்ணே. முட்டை உங்களோடது. வலி மட்டும் ஏன் எனக்கு வந்துச்சு?”

முயல் காதைச் சொறிந்தது.

“அதைப் பத்தி டிவியில ஒண்ணும் சொல்லலையேம்மா.”